இருவர் இசையும் ஒருவர் புகழும்

செலோவும் பியானோவும் இணைந்த இசைப்பதிவுகளை மதிப்பிடப் புகுவோருட் பலர், செலோ இசைத்தவரின் பெயரை நோக்கியே தீர்ப்பளித்துவிடுகின்றனர். பியானோ இசைத்தவர் வெறும் பக்கவாத்தியக்காரராக எண்ணப்படுகின்றார். இது முறையன்று.

1809இல் வெளிவந்த பீத்தோவனின் ஏ மேஜர் சொனாற்றாவை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பேட்டில் பியானோவின் பெயரே முன்னிற்கின்றது. செலோ தனித்துத் தொடங்கும் இசைவாக்கியத்தைப் பியானோ ஏற்றுத் தொடர்கின்றது. பின்னர் அதனையே பியானோ தொடங்கச் செலோ தொடர்கின்றது. வினாவும் விடையும் போன்ற இவ்வுறவே அவ்விசையின் உயிர்.

ஒலிவாங்கி செலோவுக்கு மிக அணித்தாயின் இவ்வுரையாடல் ஒருதலையாகிவிடும். பியானோ வரம்பின்றி ஓங்கினாலோ செலோவின் தாழ்ந்த சுரங்கள் அமிழ்ந்துபோம். ஆதலின் பதிவின் சமநிலையை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இச்சொனாற்றாவைச் செலோக் கலைஞர் பூர்னியே 1959இல் குல்டாவின் பியானோவுடன் பதிந்தார். 1961 முதல் 1963 வரை றொஸ்ற்றோபோவிச்சும் பியானோக் கலைஞர் றிக்ரரும் பீத்தோவனின் ஐந்து செலோ சொனாற்றாக்களையும் பதிந்தனர். இவற்றை ஒப்பிட்டுக் கேட்போர், பியானோ இசைத்தவர் எத்துணைச் சிந்தித்து விடையிறுக்கின்றார் என்பதை உணர்வர்.

மாணவர்க்கு ஒன்று கூறுவேன்: தீர்ப்புக் கூறுமுன், அதே பதிவைப் பியானோவின்மீது மாத்திரம் செவியைச் செலுத்தி மறுமுறை கேளுங்கள். இருவர் ஆற்றிய தொழிலின் புகழை ஒருவர்க்கே வழங்குதல் நடுவுநிலையன்று.