காற்றுக்கு வேலி கட்டியவர்கள்

வயலுக்கு வேலி உண்டு. தோட்டத்துக்கு வேலி உண்டு. காற்றுக்கு வேலி கட்ட முடியுமா?

முடியும் என்று எண்ணினார் ஓர் அமைச்சர். 1952-ல் டில்லியில் செய்தி ஒலிபரப்புத் துறையின் பொறுப்பை ஏற்றுப் பத்தாண்டுக் காலம் அந்த நாற்காலியில் வீற்றிருந்த பி. வி. கேஸ்கர்தான் அவர். சினிமாப் பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது. ஆகவே மக்களுக்கு எது நல்ல இசை என்பதை நாமே முடிவு செய்து ஊட்டுவோம் என்பது அவருடைய சித்தாந்தம். எண்ணியதோடு நின்றாரா? இல்லை. அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கு நேரம் குறுகியது. ஒலிக்கின்ற ஒன்றிரண்டு பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றார்கள். சொன்னால் அது படத்துக்கு விளம்பரம் ஆகிவிடுமாம்! படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, பாடல்களுக்குத் தந்திருந்த உரிமத்தை விலக்கிக் கொண்டார்கள்.

பாட்டு நின்றதா? இல்லை தோழர்களே, பாட்டு நிற்கவில்லை! பெட்டியின் திருகுதான் திரும்பியது.

கடலூர் முதுநகரில் மூட்டை சுமந்த தோழன் திருப்பினான். தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்தியவன் திருப்பினான். சிதம்பரத்தின் தேர் வீதிகளில் தேநீர்க் கடை நடத்தியவன் திருப்பினான். திருப்பிய மாத்திரத்தில் கடலுக்கு அப்பாலிருந்து கணீரென்று ஒரு தமிழ்க் குரல் வந்தது. இலங்கை வானொலி என்றது அந்தக் குரல். படத்தின் பெயரைச் சொன்னது. பாடியவர் யார், இசை அமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று சொன்னது. பிறகு பாட்டைப் போட்டது. டில்லி மூடிய கதவைக் கொழும்பு திறந்து வைத்தது!

அந்தக் கொழும்பு நிலையத்தின் கதையை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். பாட்டுக் கேட்ட நினைவுக்காக அல்ல. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது என்பதற்காக.

கொழும்பில் ஒலிபரப்பு 1925-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் கடல் கடந்து ஒலிக்கும் வலு அதற்கு வந்தது போரினால். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமை இலங்கையில் முகாமிட்டபோது, படைவீரர்களுக்காக ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்றைக் கொழும்பை அடுத்த ஏக்கலவில் நிறுவினார்கள். போர் முடிந்தது, படை போயிற்று, கருவி நின்றது. அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிற்றலையின் இயல்பு உங்களுக்குத் தெரியும்: வானத்து மேலடுக்கில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்கு அப்பால் போய் விழும். சுங்கச்சாவடி அதைத் தடுக்காது. கடவுச்சீட்டு அதற்குத் தேவையில்லை.

1950 செப்டம்பரில் அந்தக் கருவியைக் கொண்டு வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியர் கிளிஃபோர்ட் டாட் அதை வழி நடத்தினார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று தீவின் மொழிகளில் ஒலித்தது போதாதென்று, கடலுக்கு இப்பாலுள்ள சந்தையைக் கணக்கிட்டு இந்தியிலும் ஒலித்தது. 1952 டிசம்பரில் ஒரு பற்பசையின் பெயரால் தொடங்கி, அமீன் சயானியின் குரலில் வடநாட்டையே கட்டிப்போட்ட 'பினாகா கீத் மாலா' அங்கிருந்து வந்ததுதான். இங்கே தமிழ் நாட்டில் எஸ். பி. மயில்வாகனம் என்ற பெயரை அறியாத வீடு அரிது. அவருக்குப் பின்னால் கே. எஸ். ராஜா வந்தார், இராஜேஸ்வரி சண்முகம் வந்தார், பி. எச். அப்துல் ஹமீத் வந்தார். 'பொங்கும் பூம்புனல்' என்று காலை நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தார்கள். 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தினார்கள். சோப்பு விற்க வந்த நிலையம்தான்! ஆனால் அது வைத்த பெயர் எவ்வளவு அழகு தமிழ், பார்த்தீர்களா?

இங்கே ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டிய காலம் அது. 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பணம் கட்டியது டில்லிக்கு. பாட்டுக் கேட்டது கொழும்பில்! இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் கப்பலேறியது. இதைக் கண்டு விழித்துக் கொள்ளத் துரைத்தனத்தாருக்கு எத்தனை ஆண்டு பிடித்தது? 1957 அக்டோபரில் 'விவித பாரதி' என்ற பெயரில் மெல்லிசைக்குத் தனி வழி திறந்தார்கள். விளம்பரத்தை அனுமதிக்க 1967 நவம்பர் வந்தது. கொழும்பு 1950-ல் செய்ததை டில்லி செய்ய 17 ஆண்டு!

"மக்களுக்குத் தரமானதைத் தர முயன்றது குற்றமா?" என்று கேட்பார்கள். தரமானதைத் தருவது குற்றம் அல்ல. தரம் எது என்று சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று எண்ணுவதுதான் குற்றம். இந்தத் 'தரம்' என்ற சொல்லைச் சிதம்பரம் முன்பே கேட்டிருக்கிறது. 1941-ல் அண்ணாமலை நகரில், அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டது. கேட்டது அவ்வளவுதான். அதற்கு வந்த மறுமொழி என்ன? சங்கீதத்துக்கு மொழி ஏது, உருப்படிகளின் தரம் என்ன ஆவது என்றார்கள் வித்துவ சிரோன்மணிகள். முத்துத்தாண்டவர் தில்லைக் கூத்தனைத் தமிழில் பாடிய மண்ணில் நின்று கொண்டு, தமிழில் பாட உருப்படி உண்டா என்று கேட்டார்கள்! பத்தாண்டு கழித்து டில்லியில் கேஸ்கர் பேசியதும் அதே தொனிதான். ஆள் வேறு, ஊர் வேறு. கேட்பவனைக் கேளாமலே தீர்ப்பெழுதும் மனப்போக்கு ஒன்று.

பாட்டில் கை வைத்தவர்கள் பெயரிலும் கை வைத்தார்கள். 'வானொலி' என்ற இனிய சொல்லைத் தமிழன் படைத்து வைத்திருந்தான். அகில இந்திய வானொலியின் தமிழ் நிகழ்ச்சி இதழுக்கே 'வானொலி' என்றுதான் பெயர். இருந்தும் 1950-களின் பிற்பகுதியில் 'ஆகாஷ்வாணி' என்று சொல்லுங்கள் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, தமிழ் நாட்டின் நாக்கில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. அத்தோடு முடிந்ததா? 2023 மே மாதத்தில், 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விட்டுவிட்டு எங்கும் 'ஆகாஷ்வாணி' என்றே சொல்லுக என்று மீண்டும் ஓர் ஆணை பிறந்தது! தமிழ் நாட்டிலிருந்து கண்டனம் கிளம்பியதில் வியப்பென்ன? 1965 சனவரி 27-ல் இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானது இந்தச் சிதம்பரத்து மண்ணில். ஒரு பெயரைத் தலையில் ஏற்றுவது சின்னக் காரியம் என்று இந்த ஊருக்கு யாரும் உபதேசிக்க முடியாது.

சரி, அப்படியானால் கொழும்புதான் நமக்குச் சொர்க்கபுரியா? வணிகன் கையில் காற்றைக் கொடுத்துவிட்டால் தமிழ் வாழ்ந்துவிடுமா? அங்கேதான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஏக்கலவின் கருவி தமிழைக் கடல் கடந்து அனுப்பிக் கொண்டிருந்த அதே காலத்தில், 1956 சூனில், அதே கொழும்பு நாடாளுமன்றம் 'சிங்களம் மட்டுமே' என்று சட்டம் இயற்றியது. சந்தைக்குத் தமிழ் வேண்டும். சட்டத்துக்குத் தமிழ் வேண்டாம்! சோப்பு விற்கத் தமிழ் இனிக்கும். அலுவலகத்தில் மனுக் கொடுக்கத் தமிழ் கசக்கும்! தேயிலை மலையில் கொழுந்து கிள்ளிய நம் உடன்பிறப்பின் பாட்டு விருப்பத்தைக் கேட்ட தீவு, அவனுக்குக் குடியுரிமை தர மறுத்து 1948-லேயே சட்டம் போட்டிருந்தது. 1983 சூலையில் கொழும்பு வீதிகளில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழ் நாட்டைக் குரலால் கவர்ந்த கே. எஸ். ராஜா 1994-ல் கொழும்பில் கொலையுண்டார். இந்த இரத்தக் கறையை எந்தப் பூம்புனலும் கழுவிவிடாது.

ஆகவே பாடம் இரண்டு. 'உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்' என்ற அரசு, கேட்பவனை இழந்தது. 'உனக்குப் பிடித்ததைத் தருகிறேன், என் சரக்கை வாங்கு' என்ற வணிகன் கேட்பவனைப் பெற்றான். ஆனால் கேட்பவனின் உரிமைக்கு அவன் காவலன் அல்லன். இலாபம் உள்ளவரை அவன் வருவான். இலாபம் இல்லாத இடத்தில் அவன் குரல் கேட்காது.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் கரையில் நடந்ததைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. ஆழிப்பேரலை நம் கரையைத் தொட்டபோது எட்டரை மணி தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம், தோழர்களே! வானொலி அலை உலகையே பலமுறை சுற்றி வருவதற்கு ஒரு வினாடி போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும், 'கரையை விட்டு விலகுங்கள்' என்ற ஒரு சொல் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று எச்சரிக்கை மையம் இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் அமைத்தார்கள். நல்லது. ஆனால் ஐதராபாத்தில் அடிக்கும் மணி குப்பத்துக் குடிசையில் கேட்க வேண்டாமா?

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. பண்ணுருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. மின்சாரம் போனால் தொலைக்காட்சி பெட்டியாகக் கிடக்கும். கைப்பேசி இரண்டாம் நாள் உயிர் விடும். இரண்டு மின்கலம் போட்டால் பேசுகின்ற கருவி வானொலி ஒன்றுதான். அது பேச வேண்டும். நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். எந்தப் பள்ளியில் தங்கலாம், எந்தப் பாலம் உடைந்தது, நிவாரண அரிசி எங்கே கிடைக்கும் என்று தமிழில் பேச வேண்டும்.

ஒலி அலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பொதுச் சொத்தை எப்படிப் பங்கு வைத்தார்கள்? 2001 முதல் தனியார் பண்பலை நிலையங்கள் ஏலத்தில் வந்தன. பாட்டுப் போடலாம், சிரிக்க வைக்கலாம், நகை விளம்பரம் செய்யலாம். சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது என்று விதி. 2019-ல் அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிக்க மட்டும் வழி விட்டார்கள். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே பரிந்துரைத்தது 2023-ல்தான். நாளேடு செய்தி சொல்லலாம், தொலைக்காட்சி செய்தி சொல்லலாம், ஏழையின் பெட்டி மட்டும் வாய் மூடியிருக்க வேண்டுமாம்! கேஸ்கர் போய்விட்டார், அவர் கட்டிய வேலியின் கம்பு இன்னும் நிற்கிறது.

வழி இல்லாமல் இல்லை. பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி, மீனவர்களுக்காகவே நடக்கிறது. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்கிறது. பாம்பனில் முடிந்தது கடலூரில் முடியாதா? சாமியார்பேட்டையில் முடியாதா?

நாம் கேட்பது அதிகம் அல்ல. ஏழைத் தொழிலாளியின் வானொலியில் உள்ளூர்ச் செய்திக்குள்ள தடை நீங்கட்டும். கரையோரக் குப்பங்களுக்குச் சமுதாய வானொலி அமைக்க அரசு துணை நிற்கட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் திருச்சி, புதுவை நிலையங்கள் தங்கள் மண்ணின் குரலைத் தமிழில் ஒலிக்கட்டும்; தங்களை 'வானொலி' என்றே அழைத்துக் கொள்ளட்டும். தோழர்கள் தத்தம் கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக்கி, ஊராட்சி மன்றத்திலும் நாடாளுமன்ற உறுப்பினரிடத்திலும் எடுத்து வைக்க வேண்டும்.

அமைச்சருக்கு ஆணையிடும் அதிகாரம் இருந்தது. வணிகனுக்குப் பணம் இருந்தது. அன்று அந்த இரண்டையும் தாண்டித் தீர்ப்பெழுதியது எது? உழைத்துக் காய்த்த ஒரு கை, பெட்டியின் திருகைத் திருப்பியது. அந்தக் கை இன்றும் நம்மிடம்தான் இருக்கிறது!