பயந்த சுபாவம் பிறவியிலேயே வருகிறதா?

நான்கு மாதக் குழந்தை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே வண்ணப் பொம்மைகள் ஆடுகின்றன. டேப்பிலிருந்து முன்பின் கேட்டிராத குரல் ஒன்று பேசுகிறது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை மூக்கருகே கொண்டுபோகிறார்கள். ஒரு குழந்தை சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று கை கால்களை உதறி, முதுகை வில்லாக வளைத்து, வீலென்று அழுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் ஜெரோம் ககன் நடத்திய சோதனை இது. சுமார் 500 குழந்தைகளைப் பார்த்தார். ஐந்தில் ஒன்று உதறி அழுகிற ரகம். ஐந்தில் இரண்டு எதற்கும் அசையாத ரகம். மீதி இரண்டுக்கும் நடுவே.

இத்தனைக்கும் ககன் இளம் வயதில் 'எல்லாம் வளர்ப்புதான்' என்று நம்பியவர். குழந்தையிலிருந்து பெரியவர் ஆகும்வரை கண்காணிக்கப்பட்டவர்களைப் பற்றி 1962-ல் ஹோவர்டு மாஸுடன் சேர்ந்து புத்தகம் எழுதினார். மழலைப் பருவத்துப் பயந்து ஒதுங்கும் குணம் பலரிடம் வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது அப்போதே தெரிந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அந்த இடத்துக்குத் திரும்பி வந்தார்.

உதறி அழுத குழந்தைகளுக்குப் பிறகு என்ன ஆனது? இரண்டு வயதுக்குள் புது ஆளைப் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் ஒளிவது இவர்களில்தான் அதிகம். 2003-ல் ககனும் கார்ல் ஷ்வார்ட்ஸும், இரண்டு வயதில் கூச்சத்தோடு இருந்து இப்போது இருபதைத் தாண்டிவிட்டவர்களை ஸ்கேன் எடுத்தார்கள். அறிமுகமில்லாத முகத்தைக் காட்டியதும் அவர்கள் மூளையில் 'அமிக்டாலா' என்கிற பகுதி மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தது. ஆபத்து வருகிறதா என்று காவல் காக்கிற பகுதி அது. ஆள் வளர்ந்தாலும் காவல்காரன் மாறவில்லை!

ஆனால், ககன் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் வேறு. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் நோயாளிகளாகவில்லை. அமைதியான, சாதாரண மனிதர்களாகவே வளர்ந்தார்கள். இவர்கள் எந்தக் கூட்டத்திலும் துள்ளிக் குதிக்கிற ஆளாக மாறுவது அபூர்வம் என்று சொல்லலாம். இப்படித்தான் ஆவார்கள் என்று ஜாதகம் எழுதிவிட முடியாது.

சரி, இதில் ஜீனுக்கு எவ்வளவு பங்கு? இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், பதற்றக் கோளாறுகளில் சுமார் 30 முதல் 50 சதவிகிதம் மரபணு சார்ந்தது என்கின்றன. இந்தக் கணக்கைப் பலரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். 'என் பயத்தில் 40 சதவிகிதம் அம்மா கொடுத்தது' என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் அதிகம் பயப்படுகிறார், ஒருவர் குறைவாகப் பயப்படுகிறார் அல்லவா, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வந்தது என்பதுதான் கணக்கு. தனி ஆளுக்கு அது பொருந்தாது.

'பயத்துக்கான ஜீன்' என்று தனியாக ஒன்றும் கிடையாது. 1996-ல் செரோட்டோனின் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனைப் பதற்றத்தோடு முடிச்சுப் போட்டார்கள், பரபரப்பானது. மனச்சோர்வுக்கும் அதுவே காரணம் என்றார்கள். 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்துச் சரிபார்த்தபோது, மனச்சோர்வுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அந்தப் பிரபல ஜீன்கள், குருட்டாம்போக்கில் எடுத்த ஜீன்களைவிட ஒன்றும் மேலாகத் தெரியவில்லை. ஏராளமான ஜீன்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்க்கிற சங்கதி இது. எச்சிலை அனுப்பிவைத்தால் குணத்தைச் சொல்கிறோம் என்கிற விளம்பரங்களுக்குப் பணம் கட்டுவது வீண்.

பெற்றோருக்கு இதைவிட முக்கியமான சேதி 2015-ல் வந்தது. ஸ்வீடனில் இரட்டையர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் 900 குடும்பங்களை தாலியா எலே குழுவினர் ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரி இரட்டையர் என்றால் சித்தியின் ஜீனும் அம்மாவின் ஜீனும் ஒன்றுதானே? பதற்றம் ஜீன் வழியாகவே இறங்குகிறது என்றால், அம்மா பதறினாலும் சித்தி பதறினாலும் பிள்ளையிடம் ஏறக்குறைய ஒரே அளவு தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லை. வளர்க்கிறவரின் பதற்றமே பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. 'மாடிப்படி பக்கம் போகாதே', 'யாரோடும் பேசாதே' என்று நாள் முழுக்க காதில் விழுந்தால் குழந்தை வேறு எதைக் கற்கும்?

ககனின் ஆய்வுக்கூடத்திலேயே டோரீன் ஆர்கஸ் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். அழுத மறுநொடி ஓடிப்போய்த் தூக்காமல், தெளிவாகக் கட்டுப்பாடு வைத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு, உதறி அழுகிற ரகமாகவே இருந்தாலும், பயம் குறைந்திருந்தது. அன்பு குறைந்த வீடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளை தானே சமாளிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுத்த வீடுகள்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பதற்றக் கோளாறு இருந்த 124 பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு நேரடியாகச் சிகிச்சை. இன்னொரு பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்வது, பயம் என்றதும் வெளியே போகும் திட்டத்தை ரத்து செய்வது, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள்வது, இதையெல்லாம் படிப்படியாகக் குறைத்தார்கள். கூடவே, 'உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. ஆனாலும் உன்னால் முடியும்' என்று சொல்லப் பழகினார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, இரண்டு பிரிவிலும் ஒரே அளவு குணம் தெரிந்தது.

பள்ளிக்கே போக மறுப்பது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது என்று வாரக்கணக்கில் நீடித்தால், மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்கக் கூடாது. மற்றபடி பயந்த சுபாவத்தை அடியோடு துடைத்தெறிய வேண்டிய அவசியமில்லை. ககன் தன் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர்களை எடுக்கும்போது, இந்த ரகத்து ஆட்களைத்தான் தேடிப் பிடிப்பாராம். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே கணக்கைச் சரியாகப் போடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.