கதிர்காம நடைக்கு எந்தப் படுக்கை?



கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குக் காட்டு வழியே நடந்து செல்ல விரும்பும் நண்பர்கள் சிலர், தாங்கள் எடுத்துச் செல்லவிருக்கும் பொருள்களின் பட்டியலை அண்மையில் என்னிடம் காட்டினர். அதன் மூன்றாவது வரியில் ‘ஸ்லீப்பிங் பேக்’ இருந்தது. (இதை ‘உறக்கப்பை’ எனத் தமிழில் வழங்கலாமே என்றார் ஒரு நண்பர். வழங்கலாம். ஆனால், பெயர் சூட்டும் முன்னர் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.) அந்தப் பட்டியலைக் கண்டதும் எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் எங்கள் குழுவுக்காக அதை எழுதியது நான்தான். கைமாறிக் கைமாறி அது இன்றும் உலவுகிறது போலும்.

இந்த நடையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ இரண்டு மாதம் நடக்கின்றனர். மலேசியாவிலிருந்து செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் உகந்தைமலை முருகன் கோயிலில் இணைந்து, கூமுனை, யால தேசிய வனங்களின் வழியே கதிர்காமம் சேர்கின்றனர். எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. ஐந்தாறு நாள் பிடிக்கும். யாத்திரிகர்களுக்காகக் காட்டுப் பாதை ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டுமே திறக்கப்படுகிறது. வழியில் விடுதி இல்லை, கடைத்தெரு இல்லை. குமுக்கன் ஆற்றங்கரை, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று இரவு எங்கே வாய்க்கிறதோ அங்கே மண்ணில்தான் படுக்க வேண்டும்.

‘மண்ணில் படுப்பது’ என்றதும் நம் மனம் உடனே கடையை நோக்கி ஓடுகிறது. நானும் ஓடினேன். கோலாலம்பூரில் ஒரு கடையில் விற்பனையாளர் எடுத்துக் காட்டிய பை 1.4 கிலோ எடை. பத்துப் பாகைக் குளிரிலும் வெதுவெதுப்பாகத் தூங்கலாம் என்றார். நான் போகும் இடத்தில் அந்தக் குளிர் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. இலங்கையின் தென்கிழக்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்கள் வறண்ட காலம். பகலில் கச்சான் காற்று அனலாக வீசும். இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையை ஒட்டியே நிற்கும். அந்தப் பைக்குள் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். உடல் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. முதல் இரவு அரை மணி நேரம் அதற்குள் கிடந்து வியர்த்தேன். பிறகு அதை விரித்து, அதன் மேல் படுத்தேன். எஞ்சிய இரவுகளிலும் அப்படித்தான். அதாவது, 1.4 கிலோ எடையுள்ள ஒரு விரிப்பைச் சுமந்து நடந்தேன்.

என் வியர்வையோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் குழுவில் சக ஆசிரியை ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு, உடல் எடை ஐம்பத்தைந்து கிலோ இருக்கலாம். மகனுக்கு உடல் தேறியதற்காக, காலால் நடந்தே கதிர்காமம் சேர்வதாக நேர்ந்துகொண்டவர். நீண்ட நடையில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது நடப்பவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அவருக்கு அது ஐந்தரை கிலோ. அந்தக் காட்டில் ஒரு பகலுக்கு மூன்று லிட்டர் நீராவது கையில் வேண்டும். அது மூன்று கிலோ. மாற்றுடை, மருந்து, அவல், பேரீச்சம்பழம், பூசைப் பொருள் எல்லாவற்றுக்குமாக எஞ்சுவது இரண்டரை கிலோ. என் பட்டியல்படி அவர் வாங்கியவை: உறக்கப்பை 1.4 கிலோ, நுரை விரிப்பு அரை கிலோ, காற்றடைக்கும் தலையணை கால் கிலோவுக்கு மேல். ஆக, படுக்கைக்கு மட்டும் இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. எதையாவது குறைத்தாக வேண்டும் அல்லவா? மூன்றாம் நாள் காலை அவர் நீரைக் குறைத்தார். வழியில் நீர்வண்டி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்றரை லிட்டர்ப் புட்டி ஒன்றுடன் நாவலடியிலிருந்து புறப்பட்டார்.

நண்பகலுக்கு முன்பே புட்டி காலியாகிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தலைசுற்றி அமர்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் தம் நீரைக் கொடுத்து, நனைத்த துணியை அவர் தலையில் போட்டார். பையைத் திறந்து பார்த்து, “தண்ணியக் கொண்டு வாங்க மகள், படுக்கை மண்ணில கிடக்கு” என்றார். கடிந்து சொல்லவில்லை. அவருக்கு அது வியப்பாக இருந்தது, அவ்வளவே. மறுநாளும் வாந்தி நிற்காததால், ஆசிரியையை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மகனுக்காகச் செய்த நேர்த்தி காட்டு நடுவிலே முறிந்தது. அவர் என்னை இதுவரை ஒரு சொல் குறை கூறியதில்லை. அதுவே எனக்குப் பெரும் சுமையாக இருக்கிறது.

அந்த மூதாட்டியின் படுக்கையை அன்றிரவு வியாழையில் கவனித்தேன். ஒரு பழைய பருத்திச் சேலை, அவ்வளவுதான். சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். மூன்றாக மடித்தால் ஆள் நீளத்துக்கு மூன்று அடுக்கு விரிப்பு. இரண்டு அடுக்கில் படுத்து, மூன்றாவதை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பகலில் அதையே ஆற்றில் நனைத்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு நடந்தார். குளிர்நாட்டு மலையேறிகள் பருத்தியைக் கண்டால் அஞ்சுவார்கள். நனைந்தால் எளிதில் உலராது, உடலைச் சில்லிட வைக்கும் என்பார்கள். அவர்கள் நாட்டுக்கு அது உண்மை. கச்சான் காற்றில் பழஞ்சேலை காயும் வேகத்தை அவர்கள் பார்த்ததில்லை. மேலும், அங்கே சில்லிடுவதே நமக்கு வேண்டியது.

2024இல் மீண்டும் சென்றேன். இரண்டு பருத்திக் கைலிகள் கொண்டு போனேன் (அங்கே அதைச் சாரம் என்கிறார்கள்). ஒவ்வொன்றும் முந்நூறு கிராம் அளவு. ஒன்றை விரிக்க, ஒன்றைப் போர்த்த. கைலி மூட்டிய துணியாதலால் கால்களை உள்ளே நுழைத்துக்கொண்டால் அதுவே ஒரு பை. விடியற்காலையில் கடற்காற்று சற்றுக் குளிரும்போது அது போதுமானதாக இருந்தது. அடியில் ஈரமும் முள்ளும் தடுக்க, ஆள் அகலத்துக்கு வெட்டிய மெல்லிய படங்கு. அதைத் திரும்பக் கொண்டுவந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கும் இடங்களில் நம்மவர்கள் விட்டுச் சென்ற நெகிழி விரிப்புகளைக் கண்டு தலைகுனிந்தவர்களில் நானும் ஒருவன். யானையும் மானும் உலவும் இடம் அது.

கொசுவலையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூக்கம் கெட்டால் மறுநாள் நடை கெடும். முந்நூறு, நானூறு கிராமில் ஒற்றை ஆள் வலை கிடைக்கிறது. திறந்த வெளியில் நான்கு மூலையும் கட்ட இடம் அமையாது. ஒரு நுனியைக் கிளையில் கட்டி, முகமும் மார்பும் மறையும்படி சரியவிட்டுக் கால்களைக் கைலிக்குள் வைத்துக்கொள்ளலாம். பெர்மெத்ரின் மருந்து ஊட்டிய வலையாக இருந்தால் உண்ணிக்கும் ஓரளவு பாதுகாப்பு. விலங்குகள் படுத்த மரத்தடியைத் தவிர்ப்பதே அதைவிட நல்லது. அந்த நிழல் எவ்வளவு அழகாக இருந்தாலும்!

நுரை விரிப்பைப் பற்றி ஒரு வாதம் உண்டு. மூட்டுவலி உள்ள முதியவர்கள் வெறும் மண்ணில் எப்படிப் படுப்பார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு இடுப்பளவு வரை மட்டும் வெட்டிய விரிப்பு போதும். இடுப்பும் தோளும்தான் வலிக்கும், கால்களுக்கு மெத்தை எதற்கு? ஆற்று மணலில் இடுப்புக்குச் சிறு பள்ளம் பறித்துக்கொண்டால் அதுவும் வேண்டியதில்லை. படுக்கையை வண்டியில் அனுப்பிவிடலாம் என்போரும் உளர். வண்டி எப்போதும் நாம் தங்கும் இடத்துக்கு, நாம் தூங்கும் நேரத்துக்கு முன் வந்து சேர்வதில்லை என்பது மட்டும் என் அனுபவம்.

கைலி இரண்டு, படங்கு, வலை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ வந்தது. மிச்சமான எடைக்கு நீர் கொண்டு சென்றேன். நண்பர்களின் பட்டியலில் மூன்றாவது வரியை அடித்து, ‘பருத்திக் கைலி 2 (அல்லது பழைய சேலை 1), தண்ணீர் 3 லிட்டர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய பட்டியல் யாரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து அதையும் இவ்வாறே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த உறக்கப்பை இப்போது எங்கள் பள்ளிச் சாரணர் அறையில் இருக்கிறது. கேமரன் மலை முகாமுக்குப் போகும் பிள்ளைகள் எடுத்துச் செல்கிறார்கள். அங்கே நன்றாகத்தான் பயன்படுகிறது.