ஆற்றுப்படுத்தும் படிப்பில் சாதி எங்கே?

இறையியல் இளநிலைப் படிப்பில் எங்களை மருத்துவமனைக்குக் களப்பணிக்கு அனுப்பினார்கள். நோயாளியோடு பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதையும் நாம் சொன்னதையும் வரிக்கு வரி எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். 'வெர்பேட்டிம்' என்று பெயர். நான் சந்தித்தது வயதான ஓர் அம்மாவை. கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சவப்பெட்டியை ஊர்த்தெரு வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக விடவில்லை. வயல் வரப்பில் தூக்கிப் போயிருக்கிறார்கள். மறித்தவர்களும் அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான்.

வகுப்பில் வாசித்தேன். "துயரத்தின் இரண்டாம் கட்டம், கோபம்" என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தார் ஆசிரியர். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலின் ஐந்து கட்டங்கள் எங்களுக்குத் தேர்வுப் பாடம். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது அது. ஐந்தாவது கட்டம் ஏற்றுக்கொள்ளுதல். கணவரின் சாவை அந்த அம்மா ஏற்றுக்கொள்ளலாம். வரப்பை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வெர்பேட்டிம்களைப் பொறுமையாக வாசித்தவர். சிக்கல் படிப்பைப் பிரித்து வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981இல் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் ஒரு துறையாக வளர்ந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், 'பறட்டை' என்று எல்லாரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இவையெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் முதுநிலைக்குப் போனதும் வழி பிரிந்துவிடுகிறது. இறையியல் துறை மாணவர் சாதியைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். ஆற்றுப்படுத்துதல் துறை மாணவர் மன அழுத்தம், குடிநோய், குடும்பப் பிணக்கு பற்றி எழுதுகிறார். ஊருக்குப் போனால் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்காரப் போவது இருவரும்தான்.

"ஆறுதல் சொல்லப் போன இடத்தில் அரசியலை நுழைக்காதீர்கள்" என்பார்கள். யார் நுழைத்தது? பேச்சின் தொடக்கத்திலேயே அந்த அம்மா என்னிடம், "தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டார். என்னிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து பார்த்த கேள்வி அது. பதில் சொன்னேன். எழுதும்போது அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டேன். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்கு உதவாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

இந்தக் களப்பயிற்சி முறையை 1925இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். தானே மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். புத்தகத்தை வாசிப்பதுபோல மனிதரை வாசிக்க வேண்டும் என்றவர். நாம் அவருடைய முறையை எடுத்துக்கொண்டோம், தெருவின் பெயர் வரும் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாசிக்கிறோம்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்தைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பதுதான் அந்த ஆணைக்குச் சொல்லப்படும் நியாயம். அதை எதிர்த்துத் தெருவில் இறங்கும் திருச்சபை, தன் ஆற்றுப்படுத்துதல் வகுப்பில் அதே பொய்யைப் பாடமாக வைத்திருக்கலாமா?

சாதியை விருப்பப் பாடமாக வைத்தால் விருப்பமுள்ளவர்கள்தான் படிப்பார்கள். செராம்பூர் பட்டத்துக்குப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் மேய்ப்புப் பணித் தாளிலேயே அது கட்டாயமாக வேண்டும். வெர்பேட்டிமை வாசித்து முடித்ததும் "உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கும் ஆசிரியர், "பெட்டியை மறித்தது யார், அவர்கள் வீட்டுக்கு ஐயர் போனாரா?" என்றும் கேட்க வேண்டும். (தென்மாவட்டங்களில் போதகரை 'ஐயர்' என்று அழைக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாக எழுதலாம்.) போனவர் என்ன பேசினார் என்பதும் பாடம்தான். ஓடிப்போய்த் திருமணம் செய்த பிள்ளைகளுக்குத் திருவிருந்தை நிறுத்தத் தெரிந்த சபைகள் உண்டு. பெட்டியை மறித்தவர்களுக்கு, அடுத்த ஞாயிறு எங்கள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் வழக்கம்போலவே கொடுத்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.