சிறுமியரும் ஊதுகுழலும்

எமது விளையாட்டு விழாவில் இவ்வாண்டு நடைபெற்ற சிறுமியர் வலைப்பந்தாட்டத்தில், ஊதுகுழல் ஒலித்த அளவிற்குப் பந்து வளையத்துள் விழவில்லை. பந்தைப் பிடித்தவர் 3 செக்கனுக்குள் எறிதல் வேண்டும், வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். இவை வளர்ந்தோர்க்கென வகுக்கப்பட்ட விதிகள். யாழ் மண் ஈன்ற தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரமானவர். அவருக்கு எட்டும் வளையம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டுமா?

அவுஸ்திரேலியாவில் சிறார்க்கு வளையத்தை 2.4 மீற்றருக்குத் தாழ்த்திச் சிறிய பந்தையும் கொடுக்கின்றனர். நாமும் அவ்வாறு செய்தல் வேண்டும். பந்தை எறியச் சற்றுக் கூடுதல் நேரமும் அளித்தல் வேண்டும். இன்றேல், தவறு நேருமோ என அஞ்சிப் பந்து வருமுன்னரே கையை மடக்கும் பிள்ளைகளையே உருவாக்குவோம். அத்தகையோர் சிலரை அன்று கண்டோம்.

ஆயினும் இடித்தல், தள்ளுதல் என்பவற்றில் தளர்வு கூடாது. வயது எதுவாயினும் அங்கே ஊதுகுழல் உடன் ஒலித்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. அன்று நடுவராக நின்றவள் எமது மூத்த வகுப்பு மாணவி. எல்லைக்கோட்டருகே நின்று அவளை ஏசியோர் பெரியவர்களே, பிள்ளைகள் அல்லர். ஆட்டம் முடிந்ததும், "இனி வரமாட்டேன், சேர்" என்று ஊதுகுழலை எம்மிடம் தந்து சென்றாள். அதனை அவளுக்காகவே வைத்திருக்கின்றோம்.