செருப்பும் கூடாது, செய்தியும் கூடாது!

மாலத்தீவில் ஒரு வாரம் செருப்பில்லாமல் நடந்துவிட்டு வர லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள் என்று சொன்னால் நம் தோழர்கள் நம்பமாட்டார்கள். சேற்றில் நாற்று நடும் பெண்களும், உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளிகளும் காசு கொடுத்தா வெறுங்காலோடு நிற்கிறார்கள்? காலில் செருப்புடன் ஆண்டையின் தெருவில் நடந்ததற்காக உதை வாங்கிய பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். செருப்புப் போட்டுக்கொள்வதையே ஓர் உரிமையாகப் போராடிப் பெற்றவர்கள் நாம். அங்கேயோ கனதனவான்கள் செருப்பைக் கழற்றுவதற்கு விலை கொடுக்கிறார்கள்.

'வெறுங்கால் சொகுசு' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காதலர்களுக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் என்றே விளம்பரம். மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் கடலில் மிதக்கும் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதை ஓட்டுகிறவர்கூட வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருப்பார். சில விடுதிகளில் தீவில் கால் வைத்தவுடன் காலணிகளை வாங்கித் துணிப்பையில் போட்டுவிடுகிறார்கள். 1995-ல் திறந்த ஒரு விடுதி இதற்கு ஒரு கோஷமே உண்டாக்கிவிட்டது: 'செய்தியும் இல்லை, செருப்பும் இல்லை.'

செருப்பு அவர்கள் இஷ்டம். ஆனால் செய்தி கூடாது என்று சொன்னால், பத்திரிகை நடத்துகிற நாம் சும்மா இருக்க முடியாது. அந்தத் தீவு விருந்தாளிக்குத் தெரியாமல் எந்தச் செய்தியை மறைத்து வைத்திருக்கிறது என்று கேட்கவேண்டியது நம் வேலை.

மாலத்தீவு என்பது சுமார் 1,200 சிறு தீவுகள். அவற்றில் அந்நாட்டு ஜனங்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 1972-ல் மாலேக்கு அருகே, தென்னந்தோப்பாக இருந்த ஒரு தீவில் முதல் விடுதி வந்தது. 'குரும்பா' என்று பெயர். நம் ஊர்க் குரும்பையை நினைவூட்டுகிற சொல். அதன் பிறகு ஆளில்லாத தீவுகளை சர்க்கார் ஒவ்வொன்றாகக் குத்தகைக்கு விட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது கணக்கு. குத்தகை என்றால் என்ன என்று நம் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று இப்படி 150-க்கும் மேற்பட்ட தீவுகள். 2024-ல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் பிரயாணிகள் வந்து போனார்கள். தூண்டிலால் சூரை பிடித்து மாசிக்கருவாடு செய்துவந்த ஜனங்கள், தங்கள் ஊரிலேயே சிறு விடுதி நடத்திப் பிழைக்க 2009-க்குப் பிறகுதான் வழி திறந்தது. அதுவரை பிரயாணி ஒரு தீவில், குடிமகன் வேறு தீவில்!

இனி அந்தத் 'தன்னந்தனியான' தீவு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். குடிக்கிற தண்ணீரிலிருந்து குளிக்கிற தண்ணீர் வரை, கடல்நீரை எந்திரத்தில் உப்பு நீக்கி எடுப்பது. எந்திரத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் டீசலில். டீசல் கப்பலில் வருகிறது. அரிசி, முட்டை, இறைச்சி, மது எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருகின்றன. ராத்திரி காற்றில் விழுந்த இலையையும் கரை ஒதுங்கிய பாசியையும் விருந்தாளி எழுந்திருக்கும் முன் பெருக்கியாக வேண்டும். யாரும் மிதிக்காத மணல் போலத் தோன்றுவதற்காக ஒரு தொழிலாளி விடியுமுன் அதைச் சீய்த்துச் சமன் செய்கிறான். அவன் படுக்கிற லயன், தீவின் நடுவிலோ பின்பக்கத்திலோ செடிகொடி மறைவில் இருக்கும். குப்பை பல விடுதிகளிலிருந்து மாலே பக்கத்துத் திலாஃபுஷிக்குப் போகும். அது குப்பையைக் கொட்டியே உண்டாக்கிய தீவு. 2021 வரை அங்கே திறந்த வெளியில் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் நின்று வேலை செய்தவர்கள் வங்கதேசத்திலிருந்து வந்த தொழிலாளிகள்.

2022-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்குப்படி மாலத்தீவில் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களில் நாலில் ஒருவர் வெளிநாட்டார். வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்.

கூலிக் கணக்குக்கு வருவோம். அந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலாக அமலுக்கு வந்ததே 2022 ஜனவரியில்தான். பெரிய கம்பெனிகளில் மாதம் 8,000 ரூபியா. சர்க்கார் நாணய விகிதப்படி ஏறத்தாழ 519 டாலர். உயர்தர விடுதியில் ஓர் இரவுக்கு வாடகை ஆயிரம் டாலர், அதற்கு மேலும் போகும். ஒரு மாதச் சம்பளம் அரை ராத்திரி வாடகைக்குத்தான் காணும்! அதுவும் முதலில் உள்நாட்டுத் தொழிலாளிக்கு மட்டும். கடல் கடந்து வந்தவன் அந்தக் கணக்கில் இல்லை. பில்லில் சேர்க்கிற சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டு என்பது உண்மை. அதை நம்பித்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக எல்லையை மூடி, ஜூலை 15-ல் திறந்தார்கள். விருந்தாளி இல்லை, ஆகவே சர்வீஸ் சார்ஜும் இல்லை. சம்பளமில்லா லீவில் அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். நம் மில்களில் 'லே-ஆப்' கண்ட தோழர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

நம் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. மில் தொழிலாளி ஷிப்டு முடிந்து வாசலுக்கு வந்தால், டீக்கடை இருக்கிறது, சங்க ஆபீஸ் இருக்கிறது, எதிர்த்த மில் தோழன் இருக்கிறான். கேட் மீட்டிங் போட ஒரு கேட் இருக்கிறது. தீவில் ஏது கேட்? சுற்றிலும் கடல். படகு முதலாளியுடையது. படுக்கை முதலாளியுடையது. பெண்டாட்டி பிள்ளைகள் வேறு தீவில், அல்லது வேறு தேசத்தில். விருந்தாளிக்கு எந்தத் தனிமையைக் காதல் என்று சொல்லி விற்கிறார்களோ, அதே தனிமைதான் தொழிலாளியைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. போதாதென்று 2013-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கூட்டம் கூடும் உரிமை பற்றிய சட்டம் என்று பெயர்; உல்லாச விடுதித் தீவுகளில் அனுமதியில்லாமல் கூடக் கூடாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். இரண்டு பேர் கைகோத்து மணலில் நடந்தால் விளம்பரப் படம். இருபது பேர் கூடி நின்று கூலி கேட்டால் சட்டவிரோதம்!

ஆனாலும் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சுற்றுலா ஊழியர்களின் சங்கம் எழுந்தது. பல தீவுகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. வேலை போனவர்களும் உண்டு. 2008-ல் வேலைச் சட்டம் வந்தது. தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரும் தொழில் உறவுச் சட்டம் 2024-ல்தான் கிடைத்தது. முதல் விடுதி திறந்து 52 வருஷம் கழித்து!

கல்யாணமான இளஜோடி நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க ஆசைப்படுவதில் நமக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. லீவும் காசும்தான் இல்லை. அந்த மணலைச் சீய்க்கிறவனுக்கும் ஒரு பெண்டாட்டி உண்டு என்பதை அந்த ஜோடியிடம் யாராவது சொல்லவேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் மாலேக்குப் போகும் கப்பல்களில் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றுகிற தோழர்கள் நம் வாசகர்களில் இருப்பார்கள். கப்பல் ஆட்கள் திரும்பி வரும்போது அந்தத் தீவுத் தொழிலாளிகளைப் பற்றி விசாரித்து நமக்கு எழுதுங்கள். பிரசுரிக்கிறோம்.