சிஸ்டரிடம் குரலை உயர்த்தும் முன்



நம் பக்கத்தில் நர்ஸ் இல்லாத குடும்பம் குறைவு. என்னிடம் படித்த பிள்ளைகளே ஆசாரிபள்ளம் முதல் வளைகுடா வரை வார்டுகளில் நிற்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். தாய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்பது அவர் கோபம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம், அடி விழுந்த பிறகுதான் வரும். அதற்கு முன்னால் நல்ல வார்த்தை வர வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்குக் கேள்வி கேட்பவர் முன்னால் நிற்பது சிஸ்டர்தான்.

அப்போது வழக்கமாக வரும் பதில் இரண்டு. "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்." இல்லையென்றால், "எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட கேளுங்க." முதலாவது விடிவதற்குள் பொய்யாகலாம். இரண்டாவது முகத்தில் கதவைச் சாத்துவது. "விசாரிச்சிட்டு பத்து நிமிஷத்துல வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். புதுச் செய்தி இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

கெட்ட செய்தி சொல்வதற்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படி முறை ஒன்றை 2000-இல் அமெரிக்க, கனடா மருத்துவர்கள் எழுதினார்கள். முதல் படி, தனியிடம் பார்த்து உட்கார்வது. அடுத்தது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. நல்ல முறைதான். பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழாமல் பேச நம் வார்டில் இடம் எங்கே? நேரம்தான் எங்கே? போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். உள்ளே போய் எண்ணிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். ஆள் போடாமல், "சிரிச்சுப் பேசுங்க" என்று மட்டும் பயிற்சி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சொந்தங்களே, நம்மிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நோயாளிக்காக எட்டுப் பேர் போய் எட்டு முறை கேட்கிறோம். ஒன்பதாவது ஆள் பெங்களூரிலிருந்து போனில்! வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அம்மைக்கிட்ட விஷயத்தைச் சொல்லிராதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சுகிறோமே, அதையும் யோசியுங்கள். நாம் வெளித் திண்ணையில் உறங்கும்போது அந்த அம்மை சிஸ்டரின் கையைப் பிடித்து, "மக்ளே, எனக்கு என்ன நோவு?" என்று கேட்டால், அந்தப் பிள்ளை எங்கே முகத்தைத் திருப்பும்?